அலமாரியை நான் எடுத்துக்கொள்கிறேன், அக்கா

அக்கா,

உடைத்து விறகாக்கிவிடலாம் என்று நீ போனில் சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். சம்மதம் இல்லை. நேரில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நேரில் என்றால் அடுத்த நிமிடமே பேச்சை மாற்றிவிடுவாய், நானும் விட்டுவிடுவேன், இத்தனை காலமாக நடப்பது அதுதானே. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று கோபம் வரும், மன்னித்துக்கொள். சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் அந்த வருஷத்தில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், போதும்.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி.

தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தபோது குளிருக்கு ஒரு பழைய கம்பளியைக் கொடுத்தார்கள். பிரித்ததும் அந்துருண்டை வாசனை. அவ்வளவுதான், அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம், அதில் தூசி மிதக்கிறது. மேலே தொங்குகிற கோட்டின் கை என் நெற்றியில் சொரசொரவென்று உரசுகிறது, உன் முழங்கால் என் விலாவில் குத்துகிறது. வெளியே எண்ணிக்கொண்டிருக்கிற ஆள் பதினெட்டைத் தாண்டி மறுபடி பதினைந்துக்கே போகிறான், நீ சிரிப்பை அடக்க முடியாமல் என் தலைமுடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். உன் முடியை இல்லை, என் முடியை! எச்சில் பட்டுக் காதோரம் ஈரமானது வரைக்கும் இருக்கிறது. நீ அப்படிச் சிரிக்கிற ஆள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

ஆலோசகரிடம் சொன்னேன். (ஆமாம், போய்க்கொண்டிருக்கிறேன். சொன்னால் முதல் கேள்வியே ‘என்னைப் பற்றி என்ன சொன்னாய்’ என்றுதான் இருக்கும், அதனால்தான் சொல்லவில்லை.) அவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் மூளைக்குள் தாலமஸ் என்ற இடத்தில் வண்டி மாறித்தான் போகுமாம். வாசனை மட்டும் மூக்குக்கு மேலே இருக்கிற நுகர்வுக் குமிழிலிருந்து நேராகவே அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் போய்விடுகிறது, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகள் அவை. வாசனை கிளப்புகிற நினைவுகளில் நிறைய பத்து வயதுக்கு முந்தையவையாக இருப்பதாகவும், வார்த்தையோ படமோ கிளப்புபவை பெரும்பாலும் அதற்குப் பிந்தையவை என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வருஷம் எனக்கு என்ன வயது என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

‘சின்ன வயசு எப்படி இருந்தது’ என்று யாராவது கேட்டால் நாம் இரண்டு பேரும் ‘நல்லாத்தான் இருந்துச்சு’ என்று முடித்துக்கொள்வோமே, அதில் ஒரு நாளைத் தனியாக எடுத்துச் சொல்ல வராது. இதை 1986-ல் மார்க் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளரும், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் கவனித்து எழுதினார்கள். அப்புறம் பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களிடமும் அதே தெரிந்தது. வலிக்கிற நாள் தனியாக எழுந்து வந்துவிடக் கூடாதென்று மனசு எல்லா நாளையும் சேர்த்தே மூட்டை கட்டிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். எனக்குக் கோபம் அங்கேதான் வருகிறது. மனசு மூட்டை கட்டியது போதாதென்று நீ வேறு வீட்டிலிருந்த எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாய். பொம்மை, போர்வை, ரேடியோ, எதையாவது என்னிடம் கேட்டாயா? அது உன்னுடைய குழந்தைப் பருவம் மட்டும்தானா?

சரி. கடையில் அந்துருண்டை பாக்கெட்டைப் பார்த்தாலே நீ வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போவதைக் கவனித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. எனக்குக் கண்ணாமூச்சி விளையாடிய அலமாரி, உனக்கு வேறு ஒரு இரவின் அலமாரி, அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். அன்றைக்கு என் வாயைப் பொத்தியிருந்த கையும் உன்னுடையதுதான் என்று மட்டும் தெரியும். அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதுகூட இல்லை.

நான் நாள் முழுக்க அந்த அந்துருண்டை வாசனையை மோந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, பயப்படாதே. அந்துருண்டையில் இருக்கிற நாஃப்தலீன் நச்சு, சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். கம்பளித் துண்டு ஒன்றை மூடி போட்ட பாட்டிலில் வைத்திருக்கிறேன். திறக்கும் முன் பாதத்தைத் தரையில் நன்றாக அழுத்திக்கொண்டு, கண்ணில் படுகிற ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வேறு ஏதாவது வரத் தொடங்கினால் உடனே மூடிவிட்டு எழுந்துவிட வேண்டும். எப்போது மூடுவது என்பது என் கையில் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். தினமும் திறப்பதும் இல்லை, திறந்தால் கொஞ்ச நாளில் அது இப்போதைய என் அறையின் வாசனையாகிவிடும்.

அலமாரியை ஏற்ற வண்டி வரும்போது நீ அங்கே இருக்க வேண்டாம், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடு. என் வீட்டுக்கு நீ வருகிற நாளில் அந்த அறைக் கதவைச் சாத்தி வைக்கிறேன், ஜன்னலையும் முதல் நாளே திறந்து போடுகிறேன். வராமல் இருந்துவிடாதே.

உனக்கு எந்த வாசனை என்று எனக்குத் தெரியவே தெரியாது. நான் பிறக்கும் முன்பே உனக்கென்று சில வருஷங்கள் இருந்திருக்கின்றன, சோப்போ, புது நோட்டோ, மழையில் நனைந்த நாயோ, ஏதோ ஒன்று இருக்கும். சொல்ல வேண்டாம் என்றால் சொல்லாதே, ஆனால் ‘எனக்கு எதுவும் ஞாபகமில்லை’ என்று மட்டும் பதில் போடாதே, நம்ப மாட்டேன்.