நீர்வண்ணம் உலரும் வரை பிள்ளைகளைக் காத்திருக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சென்ற கோடையில் சேர்வராயன் மலையில் சிறுவர்களுக்காக நடந்த ஓவியப் போட்டி ஒன்றில் நடுவர்களுள் ஒருவனாக இருந்தேன். ஒரு மணி நேரம், கார்ட்ரிட்ஜ் எனும் மெல்லிய வரைதாள், 'இயற்கை' என்ற தலைப்பு, இவைதான் விதிகள். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டே, பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு முக்கோண மலைகளையும் அவற்றின் நடுவே உதிக்கும் சூரியனையும் வரைந்தார்கள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் தாளை முழுவதும் நனைத்து, வானத்துக்கு இளநீலம் விட்டு, அது உலர்வதற்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மணி அடித்தபோது அவள் தாளில் வானம் மட்டுமே இருந்தது. முடிவுறாத படம் என்று அது ஒதுக்கப்பட்டது. விதிப்படி என்னாலும் மதிப்பெண் போட முடியவில்லை. அந்தப் பிள்ளை செய்ததுதான் சரி என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நீர்வண்ணத்தில் பாதி வேலையைத் தண்ணீர் செய்கிறது. கோந்தில் குழைத்த நிறமித்தூள், தாளில் ஈரம் இருக்கும் வரை நகர்ந்துகொண்டே இருக்கும்; அரைகுறையாகக் காய்ந்த பூச்சின் மேல் அவசரப்பட்டு மறுபடியும் நீரை வைத்தால், நிறமி ஓரங்களுக்குத் தள்ளப்பட்டுப் பூக்கோசு போன்ற கறை விழுந்துவிடும். எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்பதைத் தாளின் மினுமினுப்பு மங்குவதைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். அதுவும் இடத்துக்கு இடம் மாறும். சேலத்துச் சித்திரை வெயிலில் தூரிகையை எடுப்பதற்குள் வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, காய்ந்து கோடு விழுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சேர்வராயன் மலை மேலுள்ள ஏற்காட்டுக்கு வந்துவிட்டால், கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில், பனி மூடிய காலையில் அதே வாஷ் அரை மணி நேரமானாலும் ஈரமாகவே கிடக்கிறது. கீழே கற்ற கை மேலே வந்து திணறும், நான் திணறியிருக்கிறேன்.

முதல் பத்தாண்டுகள் மூடுபனியை வரைய கறுப்பில் நீரைக் கலந்து பூசினேன். படங்கள் புகை படிந்த சுவர்களைப் போல இருந்தன. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் ஈரத் தாளிலேயே சந்திக்க விட்டால் உயிருள்ள சாம்பல் நிறம் கிடைக்கும் என்பது தற்செயலாகத்தான் தெரிய வந்தது. அதன் பிறகு ஏற்காட்டின் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையிலிருந்து தெரியும் ஒரே காட்சியை மாதந்தோறும் வரையத் தொடங்கினேன். வண்ணத்தைத் தொடுமுன் உள்ளங்கையளவு பென்சில் படங்கள் மூன்று போட்டு, எது மிக வெளிச்சம், எது மிக இருள் என்று முடிவு செய்துகொள்வேன். பெட்டியில் சேர்ந்திருக்கும் அந்தச் சிறு படங்களைப் பார்க்கும்போது, சட்டமிட்டு மாட்டிய படங்களைவிட அவற்றில்தான் என் வளர்ச்சி தெளிவாகத் தெரிகிறது.

எனக்கு மிகப் பெரிய பாடம் சொன்னது காப்பிப் பூ. கோடை மழை பெய்து சில நாட்களில் தோட்டம் முழுவதும் வெண்மையாகப் பூத்து, இரண்டு மூன்று நாட்களில் வாடிவிடும். அந்த வெள்ளையை வெள்ளை வண்ணத்தால் தீட்டினால் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிறது. பூ இருக்க வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியுள்ள இலைகளின் கரும்பச்சையை மட்டும் தீட்ட வேண்டும். எதை வரையாமல் விடுவது என்பதை முன்கூட்டியே அறிந்து கையைக் கட்டுப்படுத்த எனக்கு ஐந்து பூப்பருவங்கள் ஆயின. ஆண்டுக்கு மூன்று நாட்கள்தான் வாய்ப்பு என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நேரில் பார்த்து வரையும் மரபு நமக்குப் புதிதன்று. 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல்லில் பிறந்த ஓவியர் சில்பி, கோயில்களுக்கே சென்று அமர்ந்து சிற்பங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். அவர் பிறந்த மண்ணின் பிள்ளைகள் எதிரே மலை இருக்கும்போது மனப்பாட மலையை வரைவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

எனவே, கோடையில் மலையில் ஓவியப் போட்டி நடத்துவோருக்குத் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. ஒரு மணி நேரம் என்பதை ஒரு முழுக் காலைப்பொழுதாக மாற்றுங்கள். நீரைத் தாங்கும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாளைக் கொடுங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் பரிசுக் கோப்பைகளின் எண்ணிக்கையைக் குறைத்து அதை வாங்கிவிடலாம். முடித்த படத்தோடு பிள்ளைகளின் பயிற்சி நோட்டையும் நடுவர்கள் பார்க்கட்டும். காயாத வானத்தோடு ஒரு பிள்ளை எழுந்து நின்றால், 'அடுத்து என்ன செய்யப் போகிறாய்?' என்று கேட்டு, அவள் சொல்லும் பதிலுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.