காவடி நாளில் இடி இடித்தால் எங்கே ஒதுங்குவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தைப்பூசக் காவடிக்கான கோயில் அறிவிப்புகள் உங்கள் இதழில் வரத் தொடங்கிவிட்டன. கொடியேற்றம் எத்தனை மணிக்கு, காவடி எந்த ஆற்றங்கரையிலிருந்து புறப்படும், அன்னதானம் எங்கே, வண்டி நிறுத்த இடம் எங்கே, எல்லாம் இருக்கிறது. இடி இடித்தால் ஜனங்கள் எங்கே போய் ஒதுங்குவது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் தை மாதம் என்பது கோடை, இடிமழைக் காலத்தின் நடுப்பகுதி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வானிலை படித்தவன் இல்லை. மின்னலைப் பார்ப்பதிலும் படம் பிடிப்பதிலும் தீராத ஆசை, அவ்வளவுதான். கோடையில் லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு மேகத்தைத் தேடிப் போய்விடுவேன். போன மாதக் கடைசியில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ட்ராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் போயிருந்தேன். அன்று நாங்கள் பார்த்ததைச் சொன்னால், நான் கேட்க வருவது உங்கள் வாசகர்களுக்குச் சுலபமாக விளங்கும்.

காலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு பொட்டு மேகம் இல்லை, சுள்ளென்று வெயில். இடிமழைக்கு அதுதான் தோது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று உள்நாட்டுக்குள் புகுந்து மலைச்சரிவில் ஏறுகிறது. சூடேறிய நிலம் அதை இன்னும் மேலே தள்ளுகிறது. மேலே காற்று குளிர்ந்திருந்தால் மதியத்துக்குள் மேகம் கோபுரமாக எழும்பிவிடும். அன்று தென்னாப்பிரிக்க வானிலைச் சேவை மலையடிவாரத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை கொடுத்திருந்தது. ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொண்டு என்3 சாலையில் கிளம்பினோம். ஹோவிக், மூய் ரிவர், எஸ்ட்கோர்ட் தாண்டி விண்டர்டன் பக்கம் திரும்பும்போதே மேற்கே மேகம் திரண்டு நின்றது. 3,377 மீட்டர் உயரமுள்ள ஷாம்பெயின் காசில் சிகரம் அதற்குக் கீழே சின்னதாகத் தெரிந்தது.

சோளக்காட்டு ஓரமாக ஒரு மண்பாதையில், மேடாக இல்லாத இடமாகப் பார்த்து, வந்த வழியைப் பார்த்தபடி காரை நிறுத்தினேன். மழையைத் தேடிப் போகிறவன் முதலில் பார்த்து வைக்க வேண்டியது திரும்பிப் போகும் வழியைத்தான். இங்கே இந்த மேகங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். விலகிப் போக ஒரு தார்ச்சாலை பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

முதல் மின்னலைப் பார்த்ததும் பையன், "மாமா, அதோ!" என்று கத்தினான்.

"எண்ணு," என்றேன்.

விநாடிக்கு ஒன்றாக எண்ணி, இடி கேட்டதும் நாற்பத்திரண்டில் நிறுத்தினான். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். மூன்றால் வகுத்தால் பதினான்கு கிலோமீட்டர்.

"அவ்ளோ தூரமா? அப்ப வெளியிலேயே நிக்கலாம்தானே மாமா?"

"கூடாதுப்பா. சத்தம் காதில் விழுந்துட்டாலே மின்னல் எட்டுற தூரத்துலதான் நாம நிக்கிறோம். ஏறு."

கதவுகளைச் சாத்திக் கண்ணாடிகளை ஏற்றி உட்கார்ந்தோம். தலைக்கு மேலே இன்னும் நீலவானம்தான், மழை ஒரு துளி இல்லை. மேகத்தின் உச்சி மட்டும் கொல்லன் பட்டறைக்கல்லைப் போலத் தட்டையாகப் பரந்து எங்கள் பக்கம் நீண்டுகொண்டிருந்தது. சில நிமிஷம்தான் போயிருக்கும், அந்த நீட்டலின் ஓரத்திலிருந்து ஒரே வீச்சாக ஒரு மின்னல் இறங்கி எங்களுக்கு வலப்புறம் சோளக்காட்டுக்கு அப்பால் விழுந்தது. மழை பெய்யும் இடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும் என்று நான் பல தடவை அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று கண்ணால் பார்த்தபிறகு அவன் கதவுப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.

காருக்குள் இருப்பவரைக் காப்பது ரப்பர் டயர் என்று பலர் நினைக்கிறார்கள். அத்தனை கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் மின்னலுக்கு டயரின் நான்கு விரல் ரப்பர் ஒரு தடையா? மின்சாரம் காரின் இரும்புக்கூடு வழியாகவே ஓடித் தரைக்குப் போய்விடும். உள்ளே இருக்கிறவர் உலோகத்தைத் தொடாமல் இருந்தால் சரி. கூரை துணியாக இருக்கும் காரில் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் முன்கண்ணாடிக்கு உள்ளே கேமராவைப் பொருத்தி, பத்து விநாடிக்கு ஷட்டரைத் திறந்து வைத்து, அலுக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தோம். தேறியது கொஞ்சம்தான். அதில் ஒரு படத்தை உங்களுக்குக் காட்ட ஆசை. நடுத்தண்டு வெள்ளையாக வீங்கி நிற்கிறது. பக்கக் கிளைகளெல்லாம் ஊதா நிறத்தில் மெலிந்து, தரையை எட்டாமல் பாதியிலேயே நின்றுபோயிருக்கின்றன. 1930-களில் ஜோகன்னஸ்பர்க்கில் பேசில் ஷான்லாண்ட் என்ற நம் நாட்டு விஞ்ஞானி, சுழலும் லென்ஸ் வைத்த கேமராவால் இதன் உள்விவரத்தைப் பிடித்தார். முதலில் மங்கலான ஒரு கீற்று, ஒவ்வொரு தாவலுக்கும் ஐம்பது மீட்டர் அளவில், விட்டுவிட்டுக் கீழே இறங்குகிறது. அது தரையை நெருங்கும்போது கீழே உயரமாக நிற்கும் மரம், கம்பம், மனிதர் எதிலிருந்தும் ஒரு பொறி மேலே எழும்பலாம். இரண்டும் சேர்ந்த கணத்தில்தான் கண்ணைப் பறிக்கும் அந்த வெளிச்சம் கீழிருந்து மேலே பாய்கிறது. சேராத கிளைகள் அப்படியே அணைந்துவிடுகின்றன. எங்கள் படத்தில் மெலிந்து நிற்பவை அவைதான். இந்த அறிவு உலகத்துக்கு ஜோகன்னஸ்பர்க் இருக்கும் நம் ஹைவெல்ட் மேட்டுநிலத்து மேகங்களிலிருந்து கிடைத்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

இதற்கு நடுவே, குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். பையன் கண்ணாடியை இறக்கி சூலு மொழியில் கூப்பிட்டு, பின்சீட்டில் ஏற்றிக்கொண்டான். மாடுகள் கம்பிவேலி ஓரமாக ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் ஒடுங்கி நின்றன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மின்னல் மரத்தில் விழுந்தால் மின்சாரம் மரத்தோடு நிற்பதில்லை, ஈர மண்ணில் நாலாபக்கமும் பரவும். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகமாக இருப்பதால் மாட்டின் உடம்பு வழியாக அது புகுந்து போகும். ஒரே மின்னலில் மொத்தக் கிடையும் சரிவது அப்படித்தான். அன்று நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. பட்டாணி அளவு ஆலங்கட்டி சடசடவென்று கொட்டி ஓய்ந்தது. இடி இடித்தால் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிடுவார்களாம். என் அம்மாவும் மூடுவார், "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டே எங்களைக் கூடத்தின் நடுவில் உட்கார வைப்பார். கண்ணாடிக்கும் மின்னலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பிள்ளைகளை வெளியே விடாமல் வீட்டுக்குள் பிடித்து வைத்த பழக்கம் பொன்னானது.

அப்புறம் பெரியவரை இறக்கிவிட்டு, எச்சரிக்கையாக ஓட்டி, ராத்திரி வீடு சேர்ந்தோம்.

இனி காவடிக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு கோயிலில் காவடிகள் ஆற்றங்கரையிலிருந்து திரும்பும் நேரத்தில் இடி கேட்டது. எல்லோரும் அன்னதானக் கூடாரத்துக்குள் ஓடினார்கள். இரும்புக் கால்கள், நனைந்த கயிறுகள், திறந்த மைதானத்தில் அதுதான் உயரம். அதற்குக் கீழே விரதம் இருந்து வெறுங்காலோடு வந்த பக்தர்கள், கைக்குழந்தைகள், நாற்காலியில் பாட்டிமார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனையோ மின்னலை ஆசையாகப் பார்த்த எனக்கு அன்று மட்டும் கை நடுங்கியது. கூடாரம் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. மரத்தடியும் அப்படியே. அலகுதான் மின்னலை இழுக்கும் என்று பயப்பட வேண்டாம், ஆபத்து வெட்டவெளியில் உயரமாக நிற்பதிலும் உயரமானதன் பக்கத்தில் நிற்பதிலும்தான் இருக்கிறது.

கோயில் கமிட்டிகள் செய்ய வேண்டியது அப்படியொன்றும் பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது, எனவே காவடியை விடியற்காலையிலேயே கிளப்பி மதியத்துக்குள் கோயிலுக்குள் சேர்த்துவிடலாம். வானிலை எச்சரிக்கையையும் வானத்தையும் கவனிக்க ஒரு பொறுப்பான ஆளை வைத்து, அவர் கையில் மைக்கைக் கொடுக்க வேண்டும். இடி கேட்டதும் அவர் பாட்டை நிறுத்திவிட்டு, "கோயில் மண்டபத்துக்குள் போங்கள், இடம் போதாதவர்கள் கார்களிலும் பஸ்களிலும் ஏறுங்கள்" என்று சொல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் கழிந்தபிறகே திரும்ப வெளியே வரலாம். இன்னொன்றும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கு ஷாக் அடிக்காது, அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவியைத் தொடங்கிக்கொண்டே, 112-க்கோ 10177-க்கோ கூப்பிடச் சொல்ல வேண்டும். அப்படிப் பிழைத்து எழுந்தவர்கள் உண்டு.

இதைச் சொன்னால் "முருகன் பார்த்துக்கொள்வான்" என்கிறார்கள். நானும் காவடி எடுக்கிறவன்தான், அவன்மேல் பாரத்தைப் போட்டு வாழ்கிறவன்தான். ஆனால் நேர்ந்துகொண்டு வந்தவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பும் கடமை அழைத்தவர்களுக்கு இருக்கிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, கோயில்கள் அறிவிப்பு அனுப்பும்போது "இடி இடித்தால் ஒதுங்கும் இடம்" எது என்று கேட்டு வாங்கி, அன்னதான நேரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். எந்தக் கமிட்டியாவது தங்கள் மைதானத்தை ஒரு தடவை பார்த்துச் சொல்லும்படி கேட்டால், இந்த ஊர்ப் பக்கம் எங்கே என்றாலும் என் அக்கா மகனும் நானும் வரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்