அக்காவுக்கு, திடப்படுத்தல் வகுப்பைப் பற்றி

அன்புள்ள அக்கா,

தங்கள் விசுவாசத்தைத் தங்கள் வாயாலேயே அறிக்கை செய்து இந்த ஆண்டு பேராயரிடம் திடப்படுத்தல் பெறுகிறவர்களின் பட்டியலில் நம் பையனின் பெயர் இருக்காது. சபை ஆயரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவனுடைய ஞானத்தாயாகிய உங்கள் காதுக்கு இது வேறொருவர் வாயால் எட்டக் கூடாது. தொலைபேசியில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் பாதியிலேயே மனம் மாறிவிடுவேன். பொதுவில் எழுதுவதற்கும் காரணம் உண்டு: ஜெபித்தவர்களுக்கும் ஏன் துன்பம் வருகிறது என்று அவனைப் போலவே கேட்டுக்கொண்டு வளரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் தாய்மார் நம் சபையிலேயே இருக்கிறார்கள்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் பெருகி நம் சைதாப்பேட்டைத் தெருவுக்குள் நுழைந்தபோது, மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் அவனை மடியில் கிடத்திக்கொண்டு, முந்தானையால் அவன் தலையைத் துவட்டியபடியே 91ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னீர்கள். ‘உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது’ என்ற இடம் வந்ததும் அவன் நிமிர்ந்து, ‘அந்த ஆயிரம் பேர் யார், பெரியம்மா?’ என்று கேட்டான். ‘ஜெபம் பண்ணாதவர்கள்’ என்றீர்கள். அவன் நிம்மதியாகத் தூங்கிப்போனான். கால் மரத்துப்போயும், அவன் விழித்துவிடுவானோ என்று விடியும்வரை நீங்கள் அசையவே இல்லை.

பள்ளி திறந்தபோது பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்காரும் பையன் வரவில்லை. ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் குடிசை தண்ணீரோடு போய்விட்டது. பின்னர் அங்கிருந்த குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள், அவர்களும் போய்விட்டார்கள். அந்தப் பையனும் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்தவன்தான், அக்கா. நம்மவனைவிடத் திருத்தமாக வசனம் சொல்வான். ‘அவனும் ஜெபம் பண்ணியிருப்பானே, அம்மா’ என்று அன்று கேட்டவன், இப்போது திடப்படுத்தல் வகுப்பு தொடங்கிய வாரத்தில், ‘நான் தப்பித்ததற்கு நன்றி சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது’ என்கிறான். பேராயர் முன்னால் முழங்கால்படியிடச் சொல்லி அவனை நான் எப்படி அனுப்புவது?

உங்களை வருத்தப்படுத்துவதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். ஆனாலும் உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு குழந்தையைத் தேற்றுவதற்காகச் சொன்ன பதில் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதில்தான் அவன் கழுத்தை இத்தனை ஆண்டுகளாக இறுக்கிக்கொண்டிருக்கிறது. கெத்செமனே தோட்டத்தில், பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி வியர்வை சிந்தி ஜெபித்த இயேசுவுக்கே அது நீங்கவில்லையே. ஜெபித்தவர்கள் தப்புவார்கள், மற்றவர்கள் விழுவார்கள் என்றால் சிலுவைக்கு என்ன பொருள்? அந்த ஆண்டு நீங்கள் எவ்வளவோ ஜெபித்தும் உங்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன், நம் உறவினர்கள் பலர் இதை வாசிப்பார்கள். அதை மனதில் அடக்கிக்கொண்டுதான் அன்று அப்படிப் பதில் சொன்னீர்கள் என்பதை மட்டும் நான் மறக்கவில்லை.

கோச்சிங் தேர்வுக்காக ஞாயிற்றுக்கிழமையைப் பறிகொடுத்துவிட்டேன், அதனால்தான் பையன் குளிர்ந்துபோனான் என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இந்த ஊரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில்தான் தேர்வு வைக்கிறார்கள். நாங்கள் மாலை ஆராதனைக்குப் போகிறோம், இரவு வீட்டு ஜெபம் ஒருநாளும் நின்றதில்லை, அவன் எழுந்து போனதும் இல்லை. அவனைக் குளிரவைப்பது அவன் கைபேசிக்கு வந்துகொண்டே இருக்கும் செய்திகள்: பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம், காணிக்கை கொடுத்தால் வேலை, விசா. அவற்றில் சில உங்களிடமிருந்தும் வருகின்றன.

நம் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் சின்னமலை இருக்கிறது. இயேசுவின் சீஷராகிய தோமா அங்கே ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்று மரபு சொல்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் விசுவாசிக்க மாட்டேன் என்று சொன்னவர் அவர். எட்டு நாள் கழித்தும் அவர் மற்றச் சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். யாரும் அவரை வெளியே தள்ளவில்லை, அறிக்கை செய்யச் சொல்லி நெருக்கவும் இல்லை. என் பிள்ளைக்கு அந்த எட்டு நாள் வேண்டும், அது எத்தனை ஆண்டு நீண்டாலும் சரி. நான் அவனுக்குக் கொடுக்க நினைப்பது உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை. அது தப்பித்தவனுக்கு மட்டும் உரியதல்ல, விழுந்த ஆயிரம் பேருக்கும் உரியது. அதை அவன் கண்டுகொண்டு, தானே கேட்டு வரும் நாளில் அவனுக்குப் பக்கத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டும். வேறு யாரையும் நிற்கவிட மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும்போது அவன் உங்களிடம் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்பான். கேட்கச் சொன்னதே நான்தான். என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு வாருங்கள். தெரியவில்லை என்று சொன்னாலும் அவன் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டான். என்மேல் உள்ள கோபத்தில் வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை