பச்சிளங்குழந்தையின் நீலத் திட்டும் வீண் பழியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்த குழந்தையின் இடுப்பிலோ பிட்டத்திலோ இரத்தம் கட்டியது போலத் தெரியும் கருநீலத் திட்டைக் கண்டு, செவிலியர் அடித்துவிட்டார் என்றோ தூக்கும்போது அழுத்திப் பிடித்துவிட்டார் என்றோ உறவினர்கள் சண்டைக்கு வருவது, மகப்பேறு பிரிவில் பணியாற்றியவர்களுக்குப் புதிதன்று. பழி செவிலியர் மீது விழாவிட்டால் தாய் மீது விழும். கிரகணத்தின்போது வெளியே வந்தாள், உடம்பைச் சொறிந்தாள் என்பார்கள்.

இரண்டுமே காரணமல்ல. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் கருவில் மேல்தோலை நோக்கி நகர்கையில், அவற்றுள் சில உள்தோலிலேயே தங்கிவிடுகின்றன. ஆழத்தில் இருப்பதால் அந்தக் கருமை வெளியே நீலமாகத் தெரிகிறது. ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் இது மிகச் சாதாரணம். பெரும்பாலும் பள்ளிக்குச் செல்லும் வயதுக்குள் மங்கிவிடும். அடிபட்ட இடம் தொட்டால் வலிக்கும், சில நாட்களிலேயே பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறும். இத்திட்டோ அழுத்தினாலும் வலிக்காது, வாரக்கணக்கில் ஒரே நிறத்தில் இருக்கும். கடலை மாவு போட்டு அழுந்தத் தேய்த்தால் திட்டு போகாது, தோல்தான் புண்ணாகும். பிடரியிலும் கண்ணிமையிலும் காணப்பட்டு, குழந்தை அழும்போது சிவப்பு கூடித் தெரியும் தடங்களும் இதைப் போலவே தீங்கற்றவை.

எல்லாத் தடங்களையும் இப்படி விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பிறந்து சில வாரங்களில் தோன்றி வேகமாகப் புடைக்கும் சிவப்புக் கட்டி கண், மூக்கு, உதடு ஆகியவற்றின் அருகே இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2008 முதல் அதற்குப் புரொப்ரனலால் என்னும் மருந்து பயன்பாட்டில் உள்ளது. நெற்றியிலும் இமையிலும் ஒரு பக்கமாகப் படர்ந்து, மங்காமல் நிற்கும் அடர்சிவப்புத் தடத்துக்கும் பரிசோதனை தேவை.

ஆகவே, பிறந்தவுடன் செய்யும் உடல் பரிசோதனையில் காணும் தடங்களின் இடத்தையும் அளவையும் நிறத்தையும் டிஸ்சார்ஜ் சீட்டிலும் தாய் சேய் நல அட்டையிலும் எழுதித் தருவதை அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்திலும் கட்டாயமாக்க வேண்டும். இத்திட்டைக் காயமென்று எண்ணிக் குழந்தைகள் காப்பகத்தினர் பெற்றோரைச் சந்தேகிக்கும் நிலை வெளிநாடுகளில் வாழும் நம்மவருக்கும் நேரக்கூடும் என்பதால், அவர்களுக்கும் அந்தக் குறிப்பு கைகொடுக்கும். எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், மாமியாரையும் அருகில் வைத்துக்கொண்டு விளக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் முதல் கேள்வி அவரிடமிருந்துதான் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர்.