எதிரெதிரே இரண்டு கட்டடங்கள்: பாரிஸில் இருக்கும் மகளுக்கு

பளை,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

சின்ன மாமி கொண்டு வந்து தந்த பென் ட்ரைவில் நீ அனுப்பியிருந்த பிரெஞ்சுப் படத்தை நானும் அப்பாவும் இரண்டு தடவை பார்த்துவிட்டோம். தொலைபேசியில் நீ கேட்டபோது நல்ல படம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் சோறு கிடப்பதைச் சாட்டி வைத்துவிட்டேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டதற்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இவ்வளவு பாரதூரமான விஷயத்தைச் சிறுபிள்ளை விளையாட்டுப் போல எடுத்திருக்கிறார்களே, அம்மாவுக்கு மனம் நொந்திருக்குமோ என்று நீ பயந்திருக்கிறாய் என்று தம்பி சொன்னான். அப்படி இல்லை, பிள்ளை. என்ன நடந்தது என்று ஆறுதலாக எழுதுகிறேன்.

படத்தின் பெயரை நீ சொல்லித் தந்தபடி 'மிக்மாக் ஆ தீர்-லாரிகோ' என்று எழுதி வைத்திருக்கிறேன். மிக்மாக் என்றால் சூழ்ச்சி, குழப்படி வேலை என்றும், மற்றச் சொல்லுக்கு அளவு கணக்கில்லாமல் என்று பொருள் என்றும், அதுவே படத்தில் பழைய சாமான் சேர்க்கும் ஆட்கள் குடியிருக்கும் பழைய இரும்புக் குகையின் பெயராகவும் வருகிறது என்றும் நீ விளக்கியது நல்லதாயிற்று. ழான்-பியேர் ழெனே 2009இல் எடுத்த படம் என்று முதலில் எழுத்து ஓடியபோது நான் சற்று நிறுத்தினேன். 2009 என்ற இலக்கத்தை எங்கே கண்டாலும் எனக்கு அப்படித்தான். போர் முடிந்து நாங்கள் முகாமுக்குள் கிடந்த அந்த ஆண்டில் பாரிஸில் ஒருவர் மிதிவெடியைப் பற்றி ஒரு சிரிப்புப் படம் எடுத்துக் கொண்டிருந்திருக்கிறார்.

முதற்காட்சியை முதற்தடவை நான் முழுதாகப் பார்க்கவில்லை என்பதை உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். 1979ஆம் ஆண்டு, மேற்கு சஹாராப் பாலைவனம். ஒரு சிப்பாய் மண்ணில் குனிந்து மிதிவெடியை அகற்ற முயல்கிறார். எட்டு ஆண்டுகள் முகமாலையில் அதே வேலை செய்த எனக்கு, அந்த மனிதர் குனிந்த விதத்திலேயே அடிவயிறு கலங்கிவிட்டது. எங்களுடைய பாதை ஒரு மீற்றர் அகலம். அதற்குக் குறுக்கே ஒரு தடி கிடக்கும். அந்தத் தடிக்கு அப்பால் ஒரு விரலும் போகக்கூடாது. முழங்காலில் இருந்து, முகக்கவசத்துக்குள் சொந்த மூச்சே புகைபோல் படிய, மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்து, வெடியின் ஓரம் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரை அழைப்போம். ஒரு நாள் முழுவதும் வேலை செய்தாலும் சில சதுர மீற்றர்தான் முடியும். அந்தச் சிப்பாய்க்கு அப்படி யாரும் பின்னால் நிற்கவில்லை. வெடித்த சத்தம் கேட்டபோது நான் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது ஒரு வீட்டில் தொலைபேசி மணி அடித்துக் கொண்டிருந்தது. தகப்பன் செத்த செய்தியோடு ஒரு குடும்பம் சிதறிப்போவதை அந்தப் படம் வசனமே இல்லாத அளவுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறது. நீட்டி அழவைத்திருந்தால் நான் கணினியை மூடியிருப்பேன்.

மகன் பஸீல் வளர்ந்து ஒரு வீடியோக் கடையில் இரவு வேலை செய்கிறான். பழைய ஆங்கிலத் துப்பறியும் படமொன்றின் வசனங்களை மனப்பாடமாக வாயசைத்துக் கொண்டிருக்கையில் தெருவில் நடக்கும் சண்டையிலிருந்து ஒரு சன்னம் வந்து நெற்றியில் பாய்கிறது. எடுத்தால் உயிரோடு பிணம்போல் கிடக்க நேரலாம், விட்டால் எந்த நிமிடமும் சாகலாம் என்ற நிலையில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு காசைச் சுண்டிப் போட்டு முடிவெடுக்கும் இடத்தில் நானும் தம்பியும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அவருடைய கை இடது தொடையில், இன்னும் உள்ளே கிடக்கும் அந்தத் துண்டின் மேல் போய் நின்றதை நான் பார்த்தேன். எடுத்தால் நரம்பு போய்விடும், கிடக்கட்டும் என்று 2010இல் வைத்தியர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். டானி பூன் என்ற அந்த நடிகரின் முகம் அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெரிய வீரனுடைய முகம் இல்லை. கடையை இழந்து, வீட்டை இழந்து, தெருவில் நிற்கும்போதும் யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று ஒதுங்கி நிற்கும் ஒருவனுடைய முகம்.

இனி, என் குரல் மாறியதற்குக் காரணமான இடத்துக்கு வருகிறேன். இரும்புக் குகை ஆட்களோடு சேர்ந்துவிட்ட பஸீல் பழைய சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு தெருவழியே போகிறான். நெற்றியில் பாய்ந்த சன்னத்தின் வெற்றுக்கோதைக் கடைப்பெண் எடுத்து அவனிடம் கொடுத்திருந்தாள். அதிலிருந்த அதே சின்னம் ஒரு கட்டட வாசலில் பெரிதாக நிற்கிறது. திரும்பிப் பார்த்தால், தெருவின் மறுகரையில், தகப்பனைக் கொன்ற மிதிவெடியைச் செய்த கம்பனியின் சின்னம். எதிரெதிரே இரண்டு கட்டடங்கள், இரண்டு வாசல்கள், இரண்டு முதலாளிகள். அவன் நடுத்தெருவில் நிற்கிறான்.

பிள்ளை, நான் எத்தனை வெடிகளை மண்ணுக்குள்ளிருந்து வெளியே கண்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். பாகிஸ்தானில் செய்த பி-4, சீனாவின் டைப் 72, புலிகள் இயக்கம் இங்கேயே செய்த ஜொனி 95, ரங்கன் 99 என்று பெயர் சொல்லிப் பழகியிருந்தோம். பி-4 உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மண்ணைத் துடைத்தால் பழைய சவர்க்காரப் பெட்டி போல இருக்கும். வகையையும் நிலையையும் எழுதுவோம், அளவெடுப்போம், அழிப்போம். அதைச் செய்தவனுக்கு ஒரு முகவரி இருக்கும், அவன் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புவான், அவனுக்கும் ஒரு வாசல் இருக்கும் என்று எட்டு ஆண்டுகளில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. புதைத்தவனை நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன். அவன் பெரும்பாலும் எங்களைப் போன்ற ஓர் ஏழையின் பிள்ளை. விற்றவனை நினைத்துப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தெருவில் பஸீல் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. தம்பியிடம் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

வாழ்க்கையில் இப்படி ஒரு தெருவுக்குள் திரும்பியதும் இரண்டு வாசலும் கிடைத்துவிடாது என்பது எனக்கும் தெரியும். மிதிவெடித் தடை ஒப்பந்தம் 1997இல் ஒட்டாவாவில் வந்தபோதே பிரான்ஸ் கையெழுத்திட்டது. எங்கள் நாடு சேர்ந்தது 2017 டிசம்பரில். மேற்கு சஹாராவில் மொரோக்கோ கட்டிய 2,700 கிலோமீற்றர் மண் அணையின் ஓரமெல்லாம் இன்னும் வெடிகள் கிடக்கின்றன. ஆனாலும் அந்தக் கதாசிரியர் இரண்டு கட்டடங்களையும் எதிரெதிரே வைத்தது, குழந்தைக் கதையில் இரண்டு ராட்சதர்களை இரண்டு மலையில் வைப்பதைப் போன்ற ஒரு வசதி. அந்த வசதி இல்லாவிட்டால் என்னைப் போன்றவளுக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

பழைய இரும்புக் குகையில் இருக்கும் ஆட்களைப் பற்றி நீயே நிறையச் சொல்லியிருந்தாய். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்த கிழவர், குளிர்சாதனப் பெட்டிக்குள் மடிந்து உட்காரும் வளைந்து நெளியும் பெண், பார்த்த மாத்திரத்தில் தூரத்தையும் எடையையும் கணக்கிடும் சிறுபெண், பீரங்கிக்குள்ளிருந்து பறந்த சாதனையை இன்னும் சொல்லிக்கொண்டு திரியும் டொமினிக் பினோன். எல்லாருக்கும் சோறு போடும் யோலாந்த் மொரோவை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. முகாமில் எங்களுடைய வரிசையிலும் அப்படி ஒருவர் இருந்தார், யாரிடம் அரிசி இல்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். ஓமர் சி நடித்த பாத்திரத்தில் மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. ஆபிரிக்காவிலிருந்து வந்த படித்த மனிதர் அவர். அவரைப் பழமொழியும் தேய்ந்த சொற்றொடரும் பேசவைத்து, சர்வாதிகாரி ஒருவருடைய கையாளாக வேடமும் போடவைத்திருக்கிறார்கள். ஆயுதம் போய்ச் சேரும் மண்ணிலிருந்து வந்த ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் அவர்தான். அவருடைய வாயால் ஒரு சொந்தச் சொல்லாவது கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்பா மயங்கிப் போனது அங்கே இயந்திரப் பொம்மை செய்யும் சின்ன மனிதரிடம்தான். தகரமும் கம்பியும் உடைந்த சாமானும் சேர்ந்து அசைந்து ஆடும் அந்தப் பொம்மைகள் வரும் இடத்தையெல்லாம் தம்பியைக்கொண்டு திரும்பத் திரும்பப் போடவைத்தார். 2003இல், உனக்கு ஏழு வயதில், மீன் ரின்னை வெட்டி, சைக்கிள் ஆரக்கம்பியை வளைத்து, தையல் மெசினின் பழைய சில்லொன்றைப் பூட்டி அவர் ஒரு நாட்டியப் பெண் செய்து தந்தாரே, கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு கையும் மாறி மாறி எழும்புமே, அது இடப்பெயர்வில் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கால் போன பிறகு அவர் சைக்கிள் திருத்தினாரே தவிர, பொம்மை என்று எதையும் தொட்டதில்லை.

இனிக் கடைசிக் காட்சி. ஒரு முதலாளிக்கு மற்றவன்மேல் சந்தேகம் வரும்படி இந்தக் கூட்டம் செய்யும் குழப்படிகளை, கூரைமேல் ஏறிப் புகைபோக்கிக்குள் ஒலிவாங்கியை இறக்கி ஒட்டுக்கேட்பது வரை, நான் ரசித்துப் பார்த்தேன்; அதில் சில இடங்கள் நீண்டுவிட்டதும் உண்மை. பிரபலமானவர்களின் உடற்துண்டுகளைச் சேர்த்து வைக்கும் முதலாளியாக ஆந்த்ரே டுசோலியே நடித்திருப்பது நன்றாக இருந்தாலும், இவன் கெட்டவன் என்று காட்ட அவ்வளவு விசித்திரம் தேவையில்லை. நல்ல உடை உடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் சாதாரண மனிதன்தான் இதை விற்கிறான். மற்ற முதலாளி அப்படி ஒரு தகப்பனாக இருப்பது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

அவர்கள் இருவரையும் பிடித்துக் கண்ணைக் கட்டி, விமானத்தில் பாலைவனத்துக்குக் கொண்டுபோய்விட்டது போல நம்பவைத்து இறக்குகிறார்கள். காலடியில் மிதிவெடி, வாய்க்குள் கைக்குண்டு. முன்னால் முக்காடிட்ட பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் கால் இழந்த, கை இழந்த பிள்ளை ஒன்றின் படம். அவர்கள் கத்தவில்லை, கல் எறியவில்லை. படத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி இருக்கிறார்கள். அவ்வளவு விளையாடிய படம் அந்த இடத்தில் மட்டும் விளையாட்டை நிறுத்திவிடுகிறது. எங்களுடைய பயிற்சிக் கூடாரத்தின் சுவரிலும் அப்படிப் படங்கள் இருந்தன. கடைசி வரிசையில் அப்பாவைப் போன்ற ஒருவருடைய கால் இருந்ததால் நான் முதல் வாரம் முழுவதும் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி இருந்தேன்.

உயிர்ப்பயத்தில் இரண்டு முதலாளிகளும் தாங்கள் யாருக்கு என்ன விற்றோம் என்பதைத் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, விமானச் சத்தமும் பாலைவனமும் அந்த இரும்புக் கூட்டத்தின் கைவேலை. முக்காட்டுக்குள் இருந்தவர்களும் அவர்களுடைய ஆட்கள்தான். நகரத்தை விட்டு அவர்கள் வெளியே போகவே இல்லை. ஒருவரும் சாகவில்லை. அவர்கள் சொன்னது பதிவாகி ஊருலகமெல்லாம் பார்க்க இணையத்தில் போகிறது. பழிவாங்கும் படம் என்று நீ சொன்னபோது கத்தியும் இரத்தமும்தான் என் மனதில் வந்தது. தகப்பனைக் கொன்றவனை முன்னால் நிறுத்திவிட்டு, கையில் சாவு இருக்கும்போது, பஸீல் கேட்பது ஒன்றுதான்: சொல்லு. அப்பாவுக்கும் இத்தனை வருடங்களாக அதுதான் வேண்டும் என்று அன்றிரவு எனக்குச் சொன்னார். இழப்பீட்டுக்காக எத்தனை படிவம் நிரப்பினோம், எத்தனை கந்தோர் வாசலில் நின்றோம். ஆம், இது எங்களுடைய வேலை என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும் என்றார். அவர் அதைப் பற்றி என்னுடன் பேசியது இதுதான் முதற்தடவை. அதனால்தான் மறுநாள் காலையில் நீ எடுத்தபோது என் குரல் அப்படி இருந்தது.

படம் விளையாட்டுத்தனமாக இருக்கிறதே என்று நீ இனி மனம் வருந்த வேண்டாம். அழுதுகொண்டு எடுத்திருந்தால் அப்பா முதல் ஐந்து நிமிடத்தில் எழுந்து போயிருப்பார். சிரிக்கவைத்ததால்தான் கடைசிவரை இருந்தார்.

பென் ட்ரைவை மாமியிடம் திருப்பிக் கொடுக்க அப்பா விடவில்லை. அடுத்த முறை வேறொன்று வாங்கிக்கொள். அந்தப் பொம்மைகளை உண்மையில் செய்தவர் ஜில்பேர் பெய்ர் என்ற கலைஞர் என்று நீ சொன்னதை அவர் கடைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய வேலைப்பாடுகள் அங்கே எங்காவது காட்சிக்கு இருந்தால் ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார். பொம்மையின் முகத்தை எடுக்காதே. பின்பக்கம் சில்லும் கம்பியும் பூட்டியிருக்கும் இடத்தைக் கிட்டப் பிடித்து எடுத்து அனுப்பு. கை மேலே போனபின் எப்படித் தானாகக் கீழே இறங்குகிறது என்பது அப்பாவுக்குப் பிடிபடவில்லை. நேற்றிலிருந்து இரண்டு மீன் ரின்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா