ஊர் திரும்பினோம்: ஒரு நன்றி மடல்

கனடாவின் வடமேற்குப் பிரதேசத் தலைநகரான யெல்லோநைஃபுக்குத் திரும்பி நான்கு நாள் ஆகிறது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்ததும் அடித்த நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. இன்று அதன்மீதுகூடக் கோபம் வரவில்லை. நாறுவதற்கு ஒரு வீடு மிஞ்சியிருக்கிறதே!

இந்த ஆகஸ்டில் (2023) காட்டுத்தீ நெருங்கி, ஊரையே காலி செய்யச் சொன்னதைச் செய்தியில் பார்த்தீர்கள், தொலைபேசியில் விசாரித்தும் விட்டீர்கள். மறுபடி எழுதப் போவதில்லை. நகர மன்றத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்தட்டை அனுப்பினேன். நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. மிச்சம் இங்கே.

முதல் நன்றி, பெயர் கேட்க மறந்துபோன ஒரு பெரியவருக்கு. ஆகஸ்ட் 17 இரவு, ஊரிலிருந்து 300 கிலோமீட்டர் தாண்டி, ஃபோர்ட் பிராவிடன்ஸில் பெட்ரோலுக்கு வரிசை. பிள்ளைகள் பின்னிருக்கையில் உறங்கிவிட்டார்கள். நானும் ஸ்டியரிங்மீது தலை சாய்த்திருக்கிறேன். கண்ணாடியில் சரக் சரக்கென்று சத்தம். விழித்துப் பார்த்தால், டெனே பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர், காலடியில் வாளி, கையில் கட்டம்போட்ட பழந்துணி. முன்கண்ணாடியில் அப்பியிருந்த சாம்பலையும் பூச்சிகளையும் வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற வண்டிகளின் கண்ணாடிகள் ஏற்கெனவே பளிச்சென்றிருந்தன. நான் பணத்தை எடுத்தேன் (புத்தி போகும் போக்கு!). அவர் அதைக் கவனிக்காதவர்போல், "பாலம் தாண்டியும் மெதுவாகவே போ. அவசரமெல்லாம் முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்த கை அப்போதுதான் நின்றது.

தீத்தடுப்புப் பட்டை வெட்டியவர்கள், தண்ணீர்க் குழாய் இழுத்தவர்கள், ராணுவ வீரர்கள், விமானிகள், கால்கரியில் எங்களுக்காக அரிசி தேடிக் கடைகடையாக ஏறிய தன்னார்வலர்கள் எல்லோருக்கும் நன்றி.

தீ நெருங்கிய நாட்களில் எங்கள் மேயராக இருந்த ரெபெக்கா ஆல்டிக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2012-இல் கவுன்சிலர், 2018-இல் மேயர். 2022-இல் அவரை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. "போட்டிக்குக்கூட ஆள் வராத பதவி" என்று அன்று நான் கேலி செய்தேன். சுமார் 20,000 பேர் வாழும் ஊரில் மேயர் வேலை வேறென்ன? குப்பை, தண்ணீர்க் கட்டணம், தெருவில் குவியும் பனி.

காலி செய்யும் உத்தரவைப் பிறப்பித்தது பிரதேச அரசு. மேயர் தனியாளாக ஊரைக் காப்பாற்றினார் என்று எழுதினால் அவரே சிரிப்பார். ஆனால் எந்தத் தெரு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்பது ஒரே நாளில் படித்துத் தெரிந்துகொள்கிற விஷயமில்லை. பதினொரு ஆண்டு குப்பையும் குழாயும் பேசியவருக்கு ஊர் மனப்பாடமாகியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அந்தச் சலிப்பூட்டும் கூட்டங்களில் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை. இந்தக் குளிர்காலத்தில் பட்ஜெட் விவாதம் வரும்போது பின்வரிசையிலாவது போய் உட்காருவேன். இதைப் படிப்பவர்கள் நினைவுபடுத்துங்கள். என்னை நான் அறிவேன்.

திரும்பும் வழியில் ஃபோர்ட் பிராவிடன்ஸில் வண்டியை நிறுத்தி, கல்லாவில் இருந்த பெண்ணிடம் அந்தப் பெரியவரைப் பற்றி விசாரித்தேன். வாளி, கட்டம்போட்ட துணி என்று அடையாளமெல்லாம் சொன்னேன்.

"வாளியோடு நாலைந்து பேர் வந்தார்களே," என்றாள் அவள். "நீங்கள் எந்த இரவைச் சொல்கிறீர்கள்?"