குடியுரிமை விண்ணப்பம்: இலவச சட்ட உதவி, அகதிகள் முகாமைத் தேடிப் போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைத் தமிழர் குடியுரிமை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் பேச்சு டெல்லியில் தொடங்கி டெல்லியிலேயே முடிந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கும்போது இலங்கை ஏன் இல்லை என்ற கேள்வி நியாயமானது. அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு விடை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று திருச்சி, தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் செய்யப்படாமல் கிடக்கிறது. கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை அகதிகள் முகாம்களிலும், காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வாடகைக்குக் குடியிருப்போரிலும், இன்றுள்ள சட்டப்படியே இந்தியக் குடிமக்களானவர்கள் உண்டு. விண்ணப்பித்தால் பெறத் தகுதியுள்ளவர்கள் உண்டு. உயர் நீதிமன்றம் போனால் மட்டுமே வழி பிறக்கும் நிலையில் இருப்பவர்களும் உண்டு. யார் எந்த வகை என்று பிரித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும். அவருக்கு இவர்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே பலருக்குத் தெரியவில்லை.

"குடிமக்களுக்குத்தானே இலவச சட்ட உதவி, நமக்கு எப்படிக் கொடுப்பார்கள்?" என்று ஒதுங்கி நிற்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவு 'குடிமகன்' என்றுதான் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் நடைமுறைக்கு வந்த 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு 'ஒவ்வொரு நபரும்' என்றே தொடங்குகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. இன வன்முறையால் பாதிக்கப்பட்டு வறுமைக்குத் தள்ளப்பட்டோர் என்று தனி வகையே அதில் இருக்கிறது. 1983 ஜூலை இனக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களுக்கு அது பொருந்தாதென்றால் வேறு யாருக்குப் பொருந்தும்? ஆண்களுக்கு வருமானத்தைப் பற்றிய பிரமாணப் பத்திரம் போதும் என்கிறது 13ஆம் பிரிவு. 'சட்டப் பணி' என்பதில் வழக்கு நடத்துவது மட்டுமல்ல, எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை தருவதும் அடங்கும் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. ஆகவே கோர்ட்டில் வழக்கு இருந்தால்தான் வரலாம் என்று யாராவது திருப்பி அனுப்பினால் அது தவறு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்ட நீதிமன்றங்களில் வட்டக் குழுக்கள் இருக்கின்றன. வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். தொலைபேசி எண் 15100.

இனி, வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்த நாட்டில், எந்தத் தேதியில் பிறந்தீர்கள்?

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி பிறப்பாலேயே இந்தியர். அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியதே இல்லை, நிரூபித்தால் போதும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில் பாஸ்போர்ட் வழங்குமாறு 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' (பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தவர்) ஆகாதவராகவும் இருக்க வேண்டும்.

இதை ஒரு குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். தாய் 1985இல் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்தவர். தந்தை வவுனியாவில் பிறந்து 1990இல் வந்தவர். மூத்த மகள் 2003, இளைய மகன் 2009. தாய் குடிமகள். மகளும் குடிமகள். தந்தை அல்ல. மகன் விஷயம் தந்தையின் நிலையைப் பொறுத்து வாதத்துக்குரியது. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே மனுவாக, 'எங்கள் குடும்பத்துக்குக் குடியுரிமை வழங்கும்படி' என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே குடிமக்களான இருவரும் தாங்கள் குடிமக்கள் அல்ல என்று தாங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். இப்படிப்பட்ட கூட்டு மனுக்களை நல்ல எண்ணத்தோடுதான் எழுதித் தருகிறார்கள். அவற்றால் வரும் கேட்டைச் சரிசெய்யப் பிறகு வழக்குப் போட வேண்டியிருக்கிறது.

முகாம் இளைஞரைக் காதலித்தோ பேசிமுடித்தோ கட்டிக்கொண்ட நம்மூர்ப் பெண்கள் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். கல்யாணத்தால் அவர்கள் குடியுரிமை போகாது. ஒரத்தநாட்டிலோ மன்னார்குடியிலோ பிறந்த பெண்ணின் பெயரை முகாம் பதிவேட்டில் சேர்த்ததாலும் அது போகாது.

நிரூபிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1983 முதல் 1987 வரை மண்டபத்திலும் கோடியக்கரை, வேதாரண்யம் பக்கமும் வந்திறங்கிய குடும்பங்களில் பிறந்த குழந்தைகள் பலருக்குப் பிறப்புப் பதிவு இல்லை, அல்லது பெயர் எழுதாத பதிவு இருக்கிறது. நகராட்சியானால் சுகாதாரப் பிரிவிலும், கிராமமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி தாலுகா அலுவலகம்வரையும் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் 'பதிவு இல்லை' என்ற சான்றை வாங்கிக்கொண்டு, மருத்துவமனைப் பிரசவப் பதிவு, முகாம் குடும்பப் பதிவேட்டின் நகல், முதல் பள்ளியின் சேர்க்கைப் பதிவு இவற்றோடு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன் தாமதப் பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது.

பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வயதைத் திருத்தி எழுதுவது அந்தக் காலத்தில் சாதாரணம். 1987 பிப்ரவரியில் பிறந்த பிள்ளை டி.சி.யில் 1988 ஜூன் என்று இருக்கும். மற்றவர்களுக்கு அது ஓர் ஆண்டு வித்தியாசம். இவர்களுக்கோ நாடு உண்டா இல்லையா என்பதே அந்த ஒரு வரியில் நிற்கிறது. இத்தகைய முரண்பாட்டை மறைத்துவிட்டு விண்ணப்பிக்கக் கூடாது. காவல் துறை விசாரணையில் வெளியே வந்து 'போலி ஆவணம்' என்ற சந்தேகத்தில் போய் நிற்கும். முன்சீப் கோர்ட்டில் பிறந்த தேதி குறித்து விளம்புகை வழக்கு (சரியான தேதி இதுதான் என்று கோர்ட் அறிவிக்கக் கேட்கும் வழக்கு) நடத்தித் தீர்ப்பு வாங்கிவிட்டு அடுத்த அடி வைப்பதே பாதுகாப்பு. கோர்ட் கட்டணமும் சட்ட உதவியில் அடங்கும். தேதிக்கு அடுத்தபடி பெயர். இலங்கை ஆவணங்களில் தந்தை பெயர் முன்னால் முழுதாக வரும், இங்கே தலைப்பெழுத்தாகச் சுருங்கும். 'ராமையா', 'இராமையா' என்ற ஓரெழுத்து வேறுபாடுகூடக் கோப்பைத் திருப்பி அனுப்பக் காரணமாகிவிடுகிறது. எல்லாப் பெயர்களையும் குறிப்பிட்டு 'இவை ஒருவரையே குறிக்கும்' என்ற பிரமாணப் பத்திரம் முதலிலேயே இணைந்திருக்க வேண்டும்.

அடுத்தது மலையகத் தமிழர்கள். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள். 1948இல் இலங்கைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. இந்திய வம்சாவளியினர் ஏழாண்டு வசிப்பின் பேரில் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(அ) பிரிவின்கீழ் குடிமகனாகப் பதிவு கோரலாம். ஆனால் 'வம்சாவளி' என்றால் எத்தனை தலைமுறையும் பின்னால் போகலாம் என்று எண்ணிவிடக் கூடாது. விண்ணப்பதாரரோ, அவருடைய தாய் தந்தையரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும் என்பதே சட்டம். தாத்தா துறையூரில் பிறந்தார் என்பது மட்டும் உதவாது. ஆகவே வீட்டில் உயிரோடிருக்கும் மூத்தவரின் விண்ணப்பத்தை முதலில் முடிக்க வேண்டும். அவர் பெற்றோரின் பிறந்த ஊர், பழைய இந்தியப் பாஸ்போர்ட், தோட்டப் பதிவு, கண்டி இந்தியத் தூதரக அலுவலகத்தில் அக்காலத்தில் பதிந்த எண், எது இருந்தாலும் பத்திரப்படுத்த வேண்டும். அந்த எண் ஒன்று கிடைத்தாலே வழக்கின் திசை மாறிவிடும்.

வம்சாவளி வழி இல்லாத ஈழத் தமிழர்களுக்கு, நெடுங்காலம் வசித்ததன் பேரில் குடியுரிமை தரும் 6ஆம் பிரிவு இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகளும் வசித்திருக்க வேண்டும், அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழி ஒன்று (தமிழும் அதில் உண்டு) தெரிந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும். இவற்றில் எதுவும் இவர்களுக்குக் கடினமில்லை. தடுப்பது ஒன்றுதான்: பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி', அவர் பதிவும் கோர முடியாது, 6ஆம் பிரிவுக்கும் வர முடியாது. இணையவழி விண்ணப்பமும் பாஸ்போர்ட் விவரம் கேட்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு 2025 செப்டம்பரில் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அறிவித்தது. தண்டனை அச்சம் நீங்கியது பெரிய ஆறுதல். ஆனால் குடியுரிமை தருவதாக அதில் ஒரு வரியும் இல்லை. 'இனி எல்லாம் சரியாகிவிட்டது, பத்தாயிரம் கொடு, முடித்துத் தருகிறேன்' என்று கிளம்பும் தரகர்களிடம் ஏமாறக் கூடாது. அந்த விலக்கு இவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து எடுக்கிறதா என்பதை உயர் நீதிமன்றத்தில் வாதிட வேண்டும். 2019 ஜூன் 17இல் மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாமினர் வழக்கில், இத்தனை காலம் நாடற்றவர்களாக வைத்திருப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு (உயிர் வாழும் உரிமை, தனிமனித சுதந்திரம்) விரோதம் என்று சொல்லி, அவர்களின் விண்ணப்பங்களை ஆட்சியர் மேலே அனுப்பவும் மத்திய அரசு பரிசீலிக்கவும் உத்தரவிட்டிருக்கிறது. அதன் மேல் கட்டுவதற்கு இடம் இருக்கிறது.

குழந்தைகளுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. அதைப் பற்றிப் பேசுவோரே குறைவு. சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு திருப்திப்பட்டால் எந்த மைனரையும் குடிமகனாகப் பதியலாம் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 5(4) பிரிவு. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் இந்த வழி போய்விடும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு வழக்கறிஞர் முதலில் போக வேண்டிய காரணம் இதுதான்.

விண்ணப்பம் கலெக்டர் ஆபீசில் தேங்கினால் என்ன செய்வது? 2009ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகளின்படி ஆட்சியர் 60 நாளில் மாநில அரசுக்கும், மாநில அரசு அடுத்த 30 நாளில் மத்திய அரசுக்கும் அனுப்ப வேண்டும். தகுதி இல்லை என்று கருதி மாவட்ட அதிகாரியே மனுவை நிறுத்திவைக்க அதிகாரம் இல்லை என்று அருணாசலப் பிரதேசச் சக்மா அகதிகள் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆகவே கையொப்பமும் தேதியும் உள்ள ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுன்டரை விட்டு நகரக் கூடாது. தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே என்பதால் தன் கோப்பின் நிலையை இவர்கள் கேட்க முடியாது. இந்தியரான மனைவியோ வழக்கறிஞரோ தம் பெயரில் கேட்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். முகாமில் யாரும் தரகர் மூலம் வாக்காளர் அட்டை வாங்க வேண்டாம். குடிமகன் என்று பொய் உறுதி கொடுப்பது குற்றம். நன்னடத்தை என்ற நிபந்தனை அத்தோடு முடிந்தது. ஆதார் வைத்திருப்பது தவறில்லை, ஆனால் அது குடியுரிமைச் சான்றும் இல்லை. அடுத்து, 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர், ஊருக்குப் போய்வரலாம் என்று இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால், வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றதற்கு அதுவே முடிவான சான்று என்கின்றன 2009ஆம் ஆண்டு விதிகள். பிறப்பால் வந்த இந்தியக் குடியுரிமை 9ஆம் பிரிவின்படி போய்விடும். விமான டிக்கெட்டுக்கு முன் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். குடியுரிமைச் சட்டத்தில் பயிற்சி பெற்ற ஒரு வழக்கறிஞரை ஒவ்வொரு மாவட்டத்திலும் குறிப்பிட்டு நியமியுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை அவர் முகாமுக்கே வரட்டும். முகாமிலேயே படித்த பிள்ளைகளைச் சட்டத் தன்னார்வலராகச் சேர்த்து, குடும்பவாரியாகப் பிறந்த இடம், தேதி, கையிலுள்ள ஆவணம் என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரிட் மனு தேவைப்படுவோருக்கு ஒரு குறிப்பு: திருச்சி, தஞ்சாவூர் மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கும், நாகை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டத்தார் சென்னைக்கும் போக வேண்டும். இரண்டு இடத்திலும் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. மாவட்ட ஆணைக்குழுவே கோப்பை அங்கே அனுப்பிவைக்கலாம்; மனுதாரர் பஸ் ஏறி அலைய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சட்ட உதவிப் பணியில் உள்ள வழக்கறிஞர்களும் தன்னார்வலர்களும்,
தஞ்சாவூர்.